வன்னியில் பெண் முகாமையாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு அரிசி ஆலையில் ஒன்பது வருடமாக முகாமையாளராக இருக்கிறேன். அதற்கு முன் அதே ஆலையில் கணக்கு எழுதினேன். பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று பயிற்சி வகுப்புகளுக்குப் பேசக் கூப்பிட்டால் போவேன். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தேத்தண்ணி நேரத்தில்தான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். ஆடைத் தொழிற்சாலையில் சுப்பவைசராக இருக்கும் பிள்ளைகள், மாதர் சங்கத் தலைவிகள், கடன் பகுதிக்குப் பொறுப்பானவர்கள், கூட்டுறவுக் கடை முகாமையாளர்கள் என்று பலரும் கேட்டவை இவை. அந்த இடத்தில் சொன்ன பதில்களில் சிலவற்றை வீட்டுக்கு வந்து யோசித்துத் திருத்தியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை அதிகாரியாக ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். போர்க்காலத்தில் முல்லைத்தீவு அரச அதிபராக, அதாவது மாவட்டத்தின் தலைமை அரச அதிகாரியாக, இருந்தவர் இமெல்டா சுகுமார். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் சனம் அடைபட்டுக் கிடந்தபோது வவுனியா அரச அதிபர் பி.எஸ்.எம். சாள்ஸ், பிற்காலத்தில் அவர் வட மாகாண ஆளுநராகவும் வந்தார். ரூபவதி கேதீஸ்வரன் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அரச அதிபராக இருந்தார்.

ஆனால் அரச அதிபர் கதிரைக்கு அரசாங்க முத்திரை பின்னால் நிற்கிறது. ஒரு சங்கத்திலும் ஆலையிலும் தையல் லைனிலும் அப்படி ஒன்றும் இல்லை. அங்கேதான் எங்களில் பெரும்பாலானோர் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணால் வேலை செய்ய முடியுமா என்ற சந்தேகம் வன்னியில் ஒருவருக்கும் கிடையாது. 2009க்கு முன் இங்கே பெண்கள் பாரவாகனம் ஓட்டினார்கள், நிர்வாகம் நடத்தினார்கள். மீள்குடியேறி வந்தபோது ஆம்பிளைத் துணையில்லாத எத்தனையோ பேர் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளுக்குள் இருந்துகொண்டு வீடு கட்டி முடித்தார்கள். முகமாலையில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி எடுத்ததிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆக, வேலையைக் கொடுக்க எவரும் தயங்குவதில்லை. முடிவைக் கொடுக்கத்தான் தயங்குகிறார்கள். “அவ நல்லாச் செய்வா, ஆனா தலைவரைக் கேட்டுத்தான் சொல்லுவா” என்று உங்களைப் பற்றி ஆட்கள் நினைக்கிறார்களா என்று பாருங்கள். நினைத்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

புதிதாகப் பொறுப்பேற்கிறேன். முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

வேலையைக் கையால் பழகுங்கள். நான் கணக்கறையில் இருந்து வந்தவள். நெல் பற்றித் தாளில் தெரியும், மூடையில் தெரியாது. ஆலையில் நெல் எடுக்கும்போது ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கூடினால் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தாலும் குற்றும்போது குறுநொய் கூடும். இதை மானியில் பார்க்கலாம். பழைய ஆட்கள் நெல்லைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார்கள். எங்கள் களஞ்சியத்தில் இருந்த ஐயா ஒருவரிடம் போய், எனக்கு இதைக் காட்டித் தாருங்கள் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். இரண்டு கிழமை காலையில் நெல் கடித்தேன். நான் சொல்லும் கணக்கையும் மானி காட்டும் கணக்கையும் ஒப்பிட்டு அவர் சிரிப்பார். இரண்டாவது கிழமை முடியும்போது சிரிப்பு குறைந்துவிட்டது.

தெரியாததைக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படாதீர்கள். தெரியாமலே கட்டளையிட்டால்தான் போகும்.

அப்புறம், முதல் மாதத்துக்குள் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். சின்னதாக இருக்கட்டும், ஆனால் உங்கள் முடிவு என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். எங்கள் ஆலையில் ஈரப்பதன் மானி களஞ்சியத்துக்கு உள்ளே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பதினெட்டு இருக்கு, கழிக்க வேணும்” என்பார்கள். வெளியில் வெயிலில் நிற்கும் கமக்காரன் அதை நம்பத்தான் வேண்டும். நான் மானியை எடுத்து வந்து வாசலில் தராசுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தேன். நெல் கொண்டு வந்தவரே இலக்கத்தை வாசித்துச் சொல்ல வேண்டும் என்றேன். உள்ளே சிலருக்கு அது பிடிக்கவில்லை. “இதெல்லாம் பிரச்சினையைக் கொண்டு வரும் மிஸ்” என்றார்கள். அது பெரும்போக அறுவடைக் காலம், வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நின்றன. ஒரு கிழமைக்குள் வாசலில் சண்டை குறைந்தது. “மேசையை வெளியில போட்டது ஆர்?” என்று ஒருவர் கேட்டாராம். எனக்கு இந்த ஆலையில் முதலில் பெயர் கிடைத்தது அதனால்தான்.

என்னை ‘பிள்ளை’, ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை.

எங்கள் ஊரில் முறை சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லை. எழுபது வயது ஐயா என்னைப் ‘பிள்ளை’ என்றால் எனக்குச் சந்தோஷம்தான். என் அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். ஆகவே சொல்லைப் பார்க்காதீர்கள், அது எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். சுகம் விசாரிக்கும்போது வரும் ‘பிள்ளை’ வேறு. காசுக் கதை வரும்போது, “பிள்ளை, நீர் இரும், நாங்கள் பாத்துக்கொள்ளுறம்” என்று வரும் ‘பிள்ளை’ வேறு. இரண்டாவதில் உங்களை மெதுவாக மேசையை விட்டு எழுப்புகிறார்கள்.

அப்போது அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். ‘ஐயா’ என்ற மரியாதையையும் விட வேண்டாம். முடிவை மட்டும் நீங்களே சொல்லி முடியுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: “ஐயா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா இந்தக் காசுக்குக் கையெழுத்து என்ர. அதால நான்தான் சொல்ல வேணும். இந்த மாசம் குடுக்க ஏலாது, அடுத்த மாசம் பத்தாந் திகதிக்குப் பிறகு வாங்கோ.” குரல் உயர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் திகதி இருக்க வேண்டும். திகதி இல்லாத பதில் கெஞ்சல் மாதிரிக் கேட்கும்.

வேலைத்தலத்தில் உங்களைவிட இளையவர்கள், உங்கள் வயதுக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். ‘அக்கா’, ‘மிஸ்’ எது என்றாலும் சரி, ‘நீ’ என்று கூப்பிட விடாதீர்கள். கூட்டங்களில் உங்களை அறிமுகப்படுத்துபவரிடம் பெயரோடு பதவியையும் சொல்லும்படி முன்கூட்டியே கேளுங்கள். “எங்கட பிள்ளை ஒராள் வந்திருக்கிறா” என்று அறிமுகம் நடந்த கூட்டத்தில் அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அது ஒரு பிள்ளை சொன்னதுதான்.

உங்கள் வாயும் அப்படியே இருக்கட்டும். கூட்டித் துடைக்க வரும் அம்மாவை நீங்கள் ‘நீ’ என்றால் அதை மில் முழுக்கக் கேட்கிறது.

என் அப்பா வயதில் இருப்பவர்களை எப்படிக் கண்டிப்பது?

தனியாகக் கூப்பிட்டு, நிற்க வைக்காமல் கதிரையில் இருக்கச் சொல்லி, காரணத்தோடு கண்டியுங்கள். ஆட்களுக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம். நாலு பேருக்கு முன் ஒரு பெண்ணிடம் பேச்சு வாங்கிய வயதான மனிதர் திருந்த மாட்டார், பழிதான் வைத்திருப்பார். அது சரியா பிழையா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. நடப்பது அதுதான்.

மூடை தூக்கும் ஐயா ஒருவர் ஒருநாள் காலையிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டார். மில்லுக்குள் பெல்ற் ஓடுகிறது. வேட்டி நுனி பட்டாலே போதும். நான் அவரைக் கந்தோருக்குள் கூப்பிட்டு, “ஐயா, இண்டைக்கு வேலை இல்லை, வீட்டை போங்கோ. உங்களுக்கு ஒண்டு நடந்தா அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?” என்றேன். அன்றைய கூலியும் இல்லை என்று சொன்னேன். பதில் பேசாமல் போனார். அடுத்த நாள் தெளிந்து வந்தார். நான் முந்தின நாள் கதையை எடுக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதே நிலையில் வந்தான். அவனையும் திருப்பி அனுப்பினேன். வீட்டில் அதனால் எனக்கு ஒரு மாதம் மனஸ்தாபம். ஆனால் அந்த ஐயாவை அனுப்பியபோது எனக்குக் கிடைக்காத மரியாதை இவனை அனுப்பியபோது கிடைத்தது. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனால் உங்கள் நீதியைச் சனம் அளப்பது உங்கள் சொந்தக்காரர் விஷயத்தில்தான்.

நேற்றுவரை பக்கத்து மெசினில் இருந்தவர்களுக்கு இன்று நான் சுப்பவைசர். என்ன செய்வது?

ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் கேட்பது. ஒரே பஸ்சில் வருகிறீர்கள், ஒரே சாப்பாட்டுப் பொதியைப் பகிர்ந்து உண்டவர்கள். அதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் “பதவி வந்த உடன தலைக்கனம்” என்று சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கும். ஆனால் மற்றவர்களின் லீவு, பிழை, சம்பளம் பற்றிச் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லும் கதைக்காதீர்கள். நெருங்கிய சிநேகிதியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “லைனுக்குள்ள உனக்கும் மற்றவைக்கும் ஒரே கணக்குத்தான், கோவிக்காதே.” முன்பே சொன்னால் நட்பு நிற்கும். பிழை நடந்த பிறகு சொன்னால் நிற்காது.

கூட்டத்தில் நான் சொல்வதை ஒருவரும் எடுப்பதில்லை. அதையே ஓர் ஆம்பிளை சொன்னால் தலையாட்டுகிறார்கள்.

எனக்கும் நடந்தது, இப்போதும் இடைக்கிடை நடக்கிறது. சங்கங்களில் இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது: கூட்ட அறிக்கை. எங்கள் சங்கங்களில் செயலாளர் பெரும்பாலும் பெண்தான், அறிக்கை எழுதுவதும் பெண்தான். ஆனால் எழுதும்போது தன் பெயரை எழுத வெட்கப்பட்டு, “சபையில் கருத்துத் தெரிவிக்கப்பட்டது” என்று விட்டுவிடுவார். அப்படி எழுதாதீர்கள். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள், நீங்களே முன்மொழிந்திருந்தாலும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும்போது முடிவு யாருடையது என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு வருடம் இப்படி எழுதிப் பாருங்கள்.

நீங்கள் சொல்ல இருப்பதை முதல் நாளே இரண்டு பேரிடமாவது கதைத்து வையுங்கள். ஆம்பிளைகள் தேத்தண்ணிக் கடையில் செய்வது அதைத்தான். அவர்கள் கூட்டத்துக்கு வரும்போது முடிவு ஏற்கெனவே முடிந்திருக்கும். எங்களுக்குத் தேத்தண்ணிக் கடை கிடையாது, ஆனால் போன் இருக்கிறது.

பின் வரிசையில் இருக்காதீர்கள். கூட்டம் நடக்கும்போது தேத்தண்ணி ஊற்ற எழும்பாதீர்கள். நீங்கள் கோப்பைகளோடு திரும்பி வரும்போது காசு விஷயம் பேசி முடிந்திருக்கும். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை.

நான் பொருளாளர். கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். போடலாமா?

வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். “அவசரம் பிள்ளை, தொகையைப் பிறகு எழுதுவம்” என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். கண்ணால் காணாத சாமானுக்கு பற்றுச்சீட்டில் போடாதீர்கள்.

இதை அடிபட்டுப் படித்தவள் நான். முகாமையாளராக வந்த இரண்டாம் வருடம் சாக்கு வாங்கினோம். லொறி இரவு வந்தது. எண்ணிவிட்டோம் என்று சொன்னார்கள். நான் காலையில் கையெழுத்துப் போட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தால் இருநூறு சாக்கு குறைவு. விற்றவர் என் கையெழுத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அன்று இரவு நான் தூங்கவில்லை. பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்களுக்கு முன்னால் எழும்பி, “எண்ணாமல் கையெழுத்துப் போட்டது நான். இனி லொறி பகலில் வந்தால் மட்டும் இறக்குவோம், நானும் நிற்பேன்” என்று சொன்னேன். யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. கால் நடுங்கியது. ஒரு வயதான அம்மா எழும்பி, “சொன்னதே போதும், மற்றவங்கள் அதையும் சொல்லுறதில்லை” என்றார். பிழை விட்டேன், என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் எனக்கு வேறு பதில் இல்லை. நீங்களே, முதலில், முழுமையாகச் சொல்லுங்கள். வேறொருவர் வாயால் அது வெளியே வர விடாதீர்கள்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற ஏற்பாடு 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதனால் எங்கள் பிரதேச சபைகளுக்கும் பெண்கள் போனார்கள். நல்லது. ஆனால் கதிரை கிடைப்பதும் முடிவில் பங்கு கிடைப்பதும் ஒன்றல்ல. சபையாக இருந்தாலும் சங்கமாக இருந்தாலும், வாசிக்காமல் கை உயர்த்துகிறவரை மற்றவர்கள் கையாகத்தான் எண்ணுவார்கள்.

ஆண்களைவிடப் பெண் ஊழியர்கள்தான் என்னை மதிப்பதில்லை. ஏன்?

நீங்கள் பெண் என்பதால் அவர்கள் உங்களிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்குச் சொல்லாமலே விளங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். விளங்காதபோது ஓர் ஆண் முகாமையாளரில் வராத கோபம் உங்களில் வருகிறது. அது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையின் மறுபக்கம்.

இதற்கு நான் கண்ட வழி, இரக்கத்தை ஒழுங்காக்குவது. ஒருவருக்கு இரகசியமாக லீவு கொடுத்தால் மற்ற ஒன்பது பேர் மனதில் நெருப்பு. லீவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு யார் யார் போகிறார்கள், பாடசாலை தவணைப் பரீட்சை நேரத்தில் யாருக்கு வேலை நேரத்தோடு முடிய வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதுவோம். பொங்கலன்று மில்லை முழுதாக ஓட்ட நினைக்கும் முகாமையாளருக்கு இந்த ஊரைத் தெரியாது என்றுதான் அர்த்தம்.

அப்புறம் சேமலாப நிதி. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, வேலை கொடுப்பவர் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், அது முழுக்க வேலை கொடுப்பவருடைய பொறுப்பு, ஊழியரிடம் கழிக்கக்கூடாது. எங்களிடம் வந்த பெண்களில் பலருக்கு முன்பு வேலை செய்த இடங்களில் இந்தக் காசு கட்டினார்களா என்றே தெரியாது. நான் மாதாமாதம் கட்டிய சீட்டை எல்லாரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிட்டேன். பெயரும் தொகையும் பிழையா என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொன்னேன். ஒரு அக்கா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றார். பிறகு அவர் எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தவரை ஒரு முகாமையாளர் சம்பாதிக்கும் மரியாதையில் பெரிய பகுதி சம்பள நாளில்தான் வருகிறது.

களத்துக்குப் போனால் கதை கட்டுகிறார்கள்.

ஆண் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து மல்லாவிக்குப் போய் வந்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் வீடு திரும்புவதற்கு முன்பே கதை வீட்டுக்குப் போயிருந்தது. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து அழுதது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. வேலைக்குப் போன பெண் எதற்கு விளக்கம் சொல்லித் திரிய வேண்டும்?

ஆனால் கோபம் பதில் ஆகாது என்பதால் சொல்கிறேன். முடிந்தால் நீங்களே ஓடப் பழகி, சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். சொந்தமாக ஓடிப் போகும் பெண்ணைப் பற்றியும் கதைப்பார்கள், ஆனால் யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் பெரியது. வெளிக்களப் பதிவேட்டில் போகும் நேரம், இடம், வரும் நேரம் எழுதுங்கள். வீட்டுக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். கதை கட்டுகிறவர் உங்கள் ஊழியராக இருந்தால் கந்தோருக்குள் கூப்பிட்டு நேரே கேளுங்கள்: “இப்பிடிச் சொன்னதாகக் கேள்விப்பட்டன். சொன்னீங்களோ?” பெரும்பாலும் அதோடு நிற்கும். களத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்கள் இடத்தில் வேறொருவர் போய் முடிவெடுத்துவிட்டு வருவார்.

கணவர் இல்லை. நல்ல காரியங்களில் என்னைத் தள்ளி வைக்கிறார்கள். இப்படி இருக்க என் பேச்சை எப்படிக் கேட்பார்கள்?

வன்னியில் இந்தக் கேள்விக்கு எத்தனை பெண்கள் சொந்தக்காரர்கள் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இறந்துபோனவரின் மனைவி, காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, இருக்கிறார் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாமல் பொட்டு வைப்பதா விடுவதா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன் நிற்பவர்.

எங்கள் புதிய களஞ்சியம் திறந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். களஞ்சியப் பொறுப்பாளர் கணவரை இழந்தவர். ஒரு மூடை குறையாமல் கணக்கு வைத்திருப்பவர். மங்கள விளக்கு ஏற்றுவோர் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். முதல் நாள் பெரியவர் ஒருவர் வந்து, “ஊர் வழமை ஒண்டு இருக்கெல்லோ” என்று இழுத்தார். நான் சொன்னேன்: “ஐயா, இந்தக் களஞ்சியத்தின்ர திறப்பு அவவின்ர கையில இருக்கு. விளக்கும் அவவின்ர கையால எரியட்டும்.” அவர் சம்மதம் என்று சொல்லவில்லை, எதிர்க்கவும் இல்லை. அடுத்த நாள் அவர் நேரத்துக்கு வந்து முன் வரிசையில் இருந்தார். விளக்கேற்றும்போது அந்தத் தங்கச்சிக்குக் கை நடுங்கிக் குச்சி இரண்டு தரம் அணைந்தது.

தள்ளி வைக்கப்பட்டவரே தனக்காக இப்படிப் பேசுவது கஷ்டம். உங்களுக்குப் பதவி இருந்தால் அடுத்தவருக்காக நீங்கள் பேசுங்கள். உங்களுக்காகப் பேச ஒருவரைத் தேடியும் வையுங்கள்.

காணி ஈடு வைத்துத் தொழிற்கடன் எடுக்கும்போது இன்னொரு தடை வரும். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆனால் கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற அதே சட்டத்தில் இடம் உண்டு. கணவர் காணாமல் போனதால் எதுவுமே செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணி என்றால் விஷயம் வேறு, பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும்.

பிள்ளைப்பேற்று லீவில் போனால் இடம் போய்விடுமா?

தனியார் துறையிலும் 84 நாள் லீவு உங்கள் உரிமை. முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து பாதிதான் இருந்தது, 2018 திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளில் இரண்டு இடைவேளையும் உண்டு. லீவில் போகும்போது பதில் கடமை பார்ப்பவரின் பெயரையும், எதுவரை அவர் முடிவெடுக்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாய்ச்சொல்லில் விட்டுப் போன கதிரைதான் திரும்பி வரும்போது இருக்காது.

கையைப் பிடிக்கிறார், கூடாத செய்தி அனுப்புகிறார். சொன்னால் என் பெயர்தான் கெடும்.

கெட வேண்டியது அவர் பெயர். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். 1995 திருத்தத்தின்படி ஐந்து வருடம் வரை சிறை கொடுக்கலாம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதில் அடங்கும். செய்திகளை அழிக்காதீர்கள். திகதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார் என்று எழுதி வையுங்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உங்களிடம் ஓர் ஊழியர் வந்து சொன்னால் “பொறுத்துக்கொள்” என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. இடம் மாற்ற வேண்டி வந்தால் அவனை மாற்றுங்கள், அவளை அல்ல. சொன்ன பெண்ணையே வேறு பகுதிக்கு அனுப்பினால் அதற்குப் பிறகு ஒருவரும் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

சிரித்துப் பேசினால் மதிக்க மாட்டார்களா?

“பொம்பிளை சிரிச்சாப் போச்சு” என்று சொல்லி வளர்த்தார்கள். சிரியுங்கள். சிரித்தபடியே “முடியாது” என்றும் சொல்லப் பழகுங்கள். முகத்தை இறுக்கி வைத்திருந்தால் ஆட்கள் பிழைகளை உங்களிடம் மறைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

கோபத்தில் அழுகை வருகிறது.

எனக்கும் வரும். “பத்து நிமிசத்தால வாறன்” என்று எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். வந்து விட்ட இடத்தில் இருந்து பேசுங்கள். திரும்பி வராமல் விடுவதுதான் பிழை.

கொழும்பிலிருந்து வருபவர்கள் என்னை விட்டுவிட்டு என் இலிகிதரோடு பேசுகிறார்கள்.

அவர் ஆண், சிங்களமும் தெரியும் என்பதால். எங்கள் ஆலையிலும் இது நடந்தது. நான் விருந்தாளிகளோடு முரண்படவில்லை, என் இலிகிதரோடுதான் பேசினேன்: “தம்பி, உம்மட்டக் கேட்டா மொழிபெயர்த்து என்னட்டக் கேளும். பதில் நான் சொல்லுறன், நீர் திருப்பிச் சொல்லும்.” நல்ல பிள்ளை, அப்படியே செய்தார். இரண்டு கேள்விக்குப் பிறகு வந்தவர்களும் என்னைப் பார்த்தே பேசத் தொடங்கினார்கள். எழுத்தில் வருவதைத் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தில் இருந்து தமிழும் அரசகரும மொழிதான். விளங்காத கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

எனக்கு மூன்று பெரும்போகம் எடுத்தது. முதல் வருடம் கமக்காரர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே சங்கத் தலைவரின் போன் நம்பர் கேட்பார்கள். இரண்டாம் வருடம் என்னிடம் கேட்டுவிட்டு, வெளியே போய்த் தலைவருக்கும் ஒருக்கால் எடுத்து உறுதிப்படுத்துவார்கள். மூன்றாம் வருடம் மாசி மாதம், அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. இரவு பத்து மணிக்கு விசுவமடுப் பக்கம் இருந்து ஒரு கமக்காரர் எனக்குப் போன் எடுத்தார். உழவு இயந்திரத்தில் நாற்பது மூடை நனைகிறது, இப்போது கொண்டு வரலாமா என்று கேட்டார். தலைவரிடம் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். “அவரைக் கேட்டு என்ன, திறப்பு உங்களிட்டையெல்லோ” என்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் களஞ்சியத்தைத் திறந்தேன்.